வெள்ளத்தில் நின்ற காருக்கு 96 ஆயிரம் செலவு செய்யலாமா?

தூத்துக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 48. கணவருக்குக் கப்பலில் வேலை; வருடத்தில் மூன்று, நான்கு மாதம்தான் ஊரில் இருப்பார். வீட்டில் மாமியாரும் பிளஸ் டூ படிக்கும் மகளும். கார் ஓட்டுவது இவர் மட்டும்தான். பள்ளிக்கூடம், கடைத்தெரு, மாதம் இரண்டு முறை மாமியாரை அழைத்துக்கொண்டு திருநெல்வேலி மருத்துவமனை என்று எல்லாம் சேர்த்து மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிறது.

கார் 2011 மே மாதம் பதிவான பெட்ரோல் வேகன் ஆர். ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிளட்ச் வழுக்குகிறது, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘கடக் கடக்’ என்கிறது, ஏசி வெறும் காற்றுதான் தருகிறது என்று பணிமனையில் காட்டியதும் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. கிளட்ச் 9,000, சஸ்பென்ஷன் 15,000, ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் 11,000, ஏசி 18,000, நான்கு டயர் 15,000, டிங்கரிங்-பெயின்டிங் 28,000. மொத்தம் 96,000. இதே வண்டிக்கு புரோக்கர் சொல்லும் விலை 1,10,000. “விலையளவுக்கு ரிப்பேர் செலவு என்றால் விற்றுவிடுவதுதானே புத்திசாலித்தனம்?” என்று கேட்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. கணவர் புதுசு வாங்கச் சொல்கிறார்: சிறிய கார் ஒன்று ஆன்-ரோடு 6,60,000, கையில் இருக்கும் 2,60,000 போக 4 லட்சம் கடன். பழைய காரை விற்கும் பணம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. தம்பி, “வெள்ளத்துக்கு அப்புறம் 38 ஆயிரம் போட்டிருக்கு, அதை வீணாக்கலாமா? வண்டியை விடாதே அக்கா” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, 15 வருஷம் முடிந்தால் பெட்ரோல் பங்கிலேயே பெட்ரோல் ஊற்ற மாட்டார்கள் என்று பயமுறுத்துகிறார். மெக்கானிக், “எஞ்சின் சூப்பர் மேடம், இன்னும் பத்து வருஷம் ஓடும்” என்கிறார்.

கடிதம் முடிந்து கையெழுத்துக்குக் கீழே பின்குறிப்பாக இரண்டு வரி: “2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி சீட் மட்டத்துக்கு மூன்று நாள் தண்ணீரில் நின்றது. எல்லாம் சரிசெய்துவிட்டோம், அதில் பிரச்சினை இல்லை.”

டீச்சர், நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியையும் நனைந்த வண்டியையும் பார்த்து, இதைச் சரிசெய்வது தகுமா தகாதா என்று எழுதிக்கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பின்குறிப்புதான். அதற்குக் கண்டிப்பாக வருகிறேன். அதற்கு முன் உங்களைக் குழப்பிவைத்திருக்கும் இரண்டு, மூன்று விஷயங்களைச் சரிசெய்துவிடலாம்.

பில்லையும் விலையையும் ஒப்பிடாதீர்கள்

ரிப்பேர் செலவு வண்டியின் விலையில் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று ஒரு கணக்கு ஊரில் உலவுகிறது. எங்கள் தொழிலில் அப்படி ஒரு விதி உண்டு: பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கருதுவோம். ஆனால் அது இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு பணம் தர வேண்டும் என்று முடிவுசெய்வதற்கான விதி. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. கம்பெனிக்கு மறுநாள் மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வேலை கிடையாது, உங்களுக்கு உண்டு.

நீங்கள் ஒப்பிட வேண்டியது வேறு. இந்த வண்டியை வைத்துக்கொண்டால் அடுத்த மூன்று வருடத்துக்கு எவ்வளவு ஆகும், வேறு வண்டிக்குப் போனால் அதே மூன்று வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதே கேள்வி. புரோக்கர் சொல்லும் 1,10,000 அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும்தான்.

தம்பி சொல்லும் 38,000 அந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் வராது. அது போன பணம். வைத்துக்கொண்டாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. தம்பியிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளலாம், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

15 வருடம் ஆனால் ஓட்டக்கூடாதா?

ஓட்டலாம். பக்கத்து வீட்டுக்காரர் கேள்விப்பட்டது டெல்லிச் செய்தி. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் போட்ட உத்தரவுகளை வைத்து, 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் அங்கே தடை வந்தது. 2025 ஜூலையில் பங்குகளில் எரிபொருள் கொடுக்கக்கூடாது என்றும் ஆரம்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். இது எதுவும் தமிழ்நாட்டு வண்டிக்குப் பொருந்தாது.

நமக்குப் பொருந்துவது மோட்டார் வாகனச் சட்டம். சொந்த உபயோக வண்டியின் ஆர்சி 15 வருடத்துக்குச் செல்லும். அதன் பிறகு வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் ஆர்சி 2026 மே மாதம் முடிகிறது. முடிவதற்கு 60 நாள் முன்பிலிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்பு இது வெறும் 600 ஆக இருந்தது. இதோடு மாநில அரசின் பசுமை வரி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவையும் வேண்டும். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நேரில் காட்ட வேண்டும். தேதி தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம்.

அபராதத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பதிவு காலாவதியான வண்டியோடு சாலையில் இருந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது தகராறு வரும். தற்காலிகப் பதிவு முடிந்த பிறகும் ஓடிய ஒரு கார் திருடுபோன வழக்கில் இழப்பீடு கிடையாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே மே மாதத்துக்குள் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

அந்தப் பின்குறிப்பு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மெக்கானிக் எஞ்சினைப் பற்றிச் சொன்னது பொய்யாக இருக்காது. அந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் உழைக்கக்கூடியது, டைமிங் செயின் கொண்டது. 1,12,000 கிலோமீட்டர் அதற்குப் பெரிய வயதும் இல்லை. ஆனால் எஞ்சினைக் கழற்றி வேறு மாற்றலாம். பாடி போனால் என்ன செய்வது? இந்த மாதிரிக் கார்களுக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடும், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான தகடும் சேர்ந்துதான் முழு வண்டியையும் தாங்குகின்றன. அது இற்றுப்போனால் வண்டியின் ஆயுள் முடிந்தது, எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

உங்கள் ஊர்க் காற்றிலேயே உப்பு இருக்கிறது. அதில் 12 வருடம் நின்ற வண்டிக்குள் 2023 டிசம்பரில் தண்ணீர் புகுந்தது. அந்த இரண்டு நாளில் உங்கள் மாவட்டத்தில் எவ்வளவு பெய்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தெருத் தண்ணீர், சாக்கடை, சேறு எல்லாம் கலந்து கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகள் வழியாக அந்தப் பெட்டித் தகட்டுக்குள் போயிருக்கும். தண்ணீர் வடிந்துவிடும், சேறு வடியாது. உள்ளேயே படிந்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

“எல்லாம் சரிசெய்துவிட்டோம்” என்கிறீர்கள். பொதுவாக 38,000-க்கு என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: ஆயில் எல்லாம் மாற்றி, கார்ப்பெட்டை வெயிலில் போட்டு, சீட்டைக் கழுவி, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் பிரித்துச் சுத்தம் செய்திருப்பார்கள். அவசியமான வேலைதான். ஆனால் தகட்டுக்குள் இருக்கும் சேற்றையும் வயர் முனைகளையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கடிதத்தில் போகிற போக்கில், “சென்ட்ரல் லாக் தானாகத் திறக்கும், ஹார்ன் சில நாள் அடிக்காது, அது பழகிவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்களே, பழகிக்கொள்ளக் கூடாத விஷயம் அது.

இன்னொன்று. பட்டியலிலேயே பெரிய தொகை டிங்கரிங்-பெயின்டிங்குக்குத்தான், 28,000. எதற்காக என்று கேட்டீர்களா? கதவுக்குக் கீழே “கொஞ்சம் துரு” இருப்பதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். துருவின் மேல் பட்டி வைத்துத் தேய்த்து பெயின்ட் அடித்தால் பளபளவென்று இருக்கும், அடுத்த மழைக்காலம் வரை. கரையான் அரித்த நிலைக்கதவுக்கு வார்னிஷ் அடிக்கிற வேலை அது. அந்த 28,000-ஐப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள்.

ஒரு மணி நேரச் சோதனை

உங்களுக்கு வேலை பார்க்கப்போகும் அதே பணிமனையில் இதைச் செய்யாதீர்கள். வேறு ஒரு நல்ல டிங்கரிடம், தூக்கி நிறுத்தும் லிஃப்ட் இருக்கும் இடத்தில், காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். “உங்களுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது மேடம்” என்பதைக் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் பார்க்க எஞ்சினியரிங் தெரிந்திருக்க வேண்டாம், கண்ணும் விரலும் போதும்.

முதலில் வண்டிக்குள். முன்சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். மேலே கை வைத்தால் காய்ந்துதான் இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சை விரலால் அமுக்கிப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்தும் அதில் ஈரம் கசிந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சீட் நகரும் தண்டவாளமும் அதன் போல்ட்டுகளும் துருவேறிச் செதில் செதிலாக இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். அதன் சுருள் தூணுக்கு உள்ளே, கீழ்ப்பக்கம் இருக்கிறது, தண்ணீர் அங்கே நிச்சயம் போயிருக்கும். விட்டால் சரசரவென்று உள்ளே போக வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏர்பேக் இல்லாத வண்டியில் உங்களைக் காப்பது அந்த ஒரு பட்டைதான்.

அடுத்து டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கனெக்டர்களில் நாலைந்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் ஹார்ன், லாக் கோளாறுக்கெல்லாம் காரணம் அதுதான். ஒன்றிரண்டு இடத்தில் என்றால் சுத்தம் செய்யலாம், கருகியதை மாற்றலாம். வயரிங் முழுக்கப் பரவியிருந்தால் ஷார்ட் சர்க்யூட்டில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதைச் சில்லறை வேலையால் சரிசெய்ய முடியாது.

பிறகு வண்டியைத் தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கி வைக்கும் இடம் நான்கு, கதவுக்குக் கீழே ஓடும் தகடு, முன்சக்கர லோயர் ஆர்ம் பொருந்தும் இடம், பின் ஆக்ஸில் பிடிப்பு, மேலே பானெட்டைத் திறந்தால் தெரியும் ஷாக் அப்சார்பர் மவுண்ட். இந்த இடங்களில் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ‘பொத்’ என்று கேட்டாலோ, முனையால் அழுத்தும்போது உள்ளே இறங்கினாலோ பேச்சு முடிந்தது. ஏற்கெனவே பட்டி வைத்திருக்கிறார்களா என்று தெரிய ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது.

எஞ்சினுக்கு அழுத்தச் சோதனை (கம்ப்ரஷன் டெஸ்ட்) ஒன்று எடுத்துவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பால் போல வெள்ளையாக எதுவும் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் ஹோஸையும் தொட்டுப் பார்க்கட்டும்: இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2011 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஹோஸில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

தகடு நன்றாக இருந்தால்

இருந்தால், தயங்காமல் ரிப்பேர் செய்யுங்கள். 96,000 முழுவதையும் அல்ல. கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் வேலை, டயர் ஆகிய நான்கும் கட்டாயம், 50,000 ஆகிறது. ஏசி 18,000 உங்கள் ஊர் வெயிலுக்கும் வயதான மாமியாருக்கும் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கம்ப்ரசர் உண்மையில் போய்விட்டதா, கேஸ் கசிவு மட்டுமா என்று ஒரு ஏசி மெக்கானிக்கிடம் தனியாகக் கேளுங்கள். கசிவு என்றால் செலவு நன்றாகக் குறையும். எஸ்டிமேட்டில் ஸ்பேர் விலை எந்தக் கணக்கில் போட்டார்கள் என்றும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்கிறீர்கள் என்று தெரிந்தாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

இந்த வழியில் மூன்று வருடத்துக்கு என்ன ஆகும்? இப்போது 68,000, ஆர்சி செலவுக்கு ஏழெட்டாயிரம் ஒதுக்குங்கள், அதற்குப் பிறகு வருடம் 20,000 பராமரிப்பு. அதோடு வண்டி மதிப்பு இன்னும் ஒரு 50,000 இறங்கும். சுமார் 1,85,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நீங்கள் இப்போது வைத்திருக்கும் மூன்றாம் நபர் பாலிசியே போதும் என்பது என் அபிப்பிராயம். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாயும் ஜிஎஸ்டியும். முழுக் காப்பீடு எடுத்தாலும், 10 வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகம் மாற்றினால் பாதிதான் கிடைக்கும், பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் எப்போதுமே பாதிதான். இதை எழுதிக் கழிப்பவன் நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

புது கார் கணக்கு

உங்கள் கணவர் சொல்வதில் பாதுகாப்பு என்ற ஒரு நியாயம் இருக்கிறது. 2019-லிருந்து ஏபிஎஸ்ஸும் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயம். 2022-லிருந்து முன்சீட்டில் இருவருக்குமே ஏர்பேக் கட்டாயம். பெட்ரோல் சிறிய காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமானதும் விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் “மைலேஜ் மிச்சத்திலேயே பாதி தவணை கட்டிவிடலாம்” என்று அவர் போட்ட கணக்கு சரியில்லை. இப்போது லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது, புதுசு 20 கொடுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 500 கிலோமீட்டருக்கு மிச்சமாவது 11 லிட்டர்கூட இல்லை, சுமார் 1,100 ரூபாய். 4 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் ஏழு வருடத் தவணை மாதம் 6,540 ரூபாய் வரும். ஏழு வருடத்தில் வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தை ஒட்டிப் போகும்.

வெளியே தெரியாத செலவு இன்னும் இருக்கிறது. ஷோரூம் விலை ஐந்தரை லட்சம் என்றால் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 13 சதவீதம். 71,500 ரூபாய் அங்கேயே போகிறது. மதிப்பு இறங்குவதற்கு எங்கள் அட்டவணை இருக்கிறது: மூன்று வருடம் தாண்டிய காருக்கு 40 சதவீதம் கழிப்போம். ஐந்தரை லட்சத்தில் அது 2,20,000. முதல் மூன்று வருட வட்டி 95,000. முழு இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து, பெட்ரோல் மிச்சத்தைக் கழித்த பிறகும் நாலேகால் லட்சம் வரும். ரிப்பேர் வழியைவிடச் சுமார் 2,40,000 அதிகம். பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் வருடத்தில், கையிருப்பு மொத்தத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் கடனும் வாங்குவதை நான் சம்மதிக்க மாட்டேன். கணவர் ஊருக்கு வரும்போது இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

தகடு போயிருந்தால்

நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்து ஊகிக்கச் சொன்னால், இந்தப் பக்கம் போகத்தான் வாய்ப்பு அதிகம் என்பேன். அப்படியானால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், கிளட்ச்கூட வேண்டாம். மூன்றரை லட்சத்துக்குள், 2019 ஜூலைக்குப் பிறகு பதிவான, ஒரே ஓனர் வைத்திருந்த சிறிய காராகப் பாருங்கள். முதல் ஐந்து வருட மதிப்பிழப்பை வேறொருவர் தாங்கியிருப்பார், உங்களுக்கு ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் கிடைத்துவிடும். கையில் இருப்பது போக ஒரு லட்சத்துக்குள்தான் கடன் தேவைப்படும், அதையும் இரண்டு வருடத்தில் அடைத்துவிடலாம். ஒரு நிபந்தனை: மேலே சொன்ன ஒரு மணி நேரச் சோதனையை அந்த வண்டிக்கும் செய்ய வேண்டும். 2023-ல் சென்னையிலும் உங்கள் பக்கத்திலும் நனைந்த வண்டிகள் எல்லாம் எங்கேயோ ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன. பளபளப்பான காரின் கார்ப்பெட்டைத் தூக்க விடவில்லை என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

நல்ல வண்டி அமையும்வரை அவசரப்பட வேண்டாம். மருத்துவமனைக்கு மாதம் இரண்டு முறைதானே, வாடகைக் கார் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு நிச்சயம் 6,540 ரூபாய்த் தவணையைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஓட்டுகிற அலுப்பும் இல்லை.

பழைய வண்டியைக் கைவிடும் முறை

தகடு இற்றுப்போன வண்டியை 1,10,000-க்கு புரோக்கர் எடுத்துக்கொள்கிறேன் என்றால் பட்டி வைத்து பெயின்ட் அடித்து வேறொரு குடும்பத்திடம் தள்ளப்போகிறார் என்று அர்த்தம். அது உங்கள் மனசாட்சி சம்பந்தப்பட்டது, நான் பேசவில்லை. விற்பதானால் வெள்ளத்தில் நின்ற விவரத்தை விற்பனைக் கடிதத்தில் எழுதி வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விலை குறையும், பின்னால் வம்பு வராது.

சட்டப்படி பெரிய ஆபத்து வேறு. “ஆர்சியை அப்புறம் மாற்றிக்கொள்கிறோம், படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டி விற்றுவிட்டாலும் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறிய பிறகும் முதலில் விற்றவர் தலையில்தான் விழுந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும் ஆர்டிஓ அலுவலகத்தில் ஏறி, வாங்கியவர் பெயரில் ஆர்சி மாறியதை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்த பிறகுதான் கடைசித் தவணைப் பணத்தையும் இரண்டாவது சாவியையும் கைமாற்ற வேண்டும்.

காயலாங்கடையில் போடுவதானால் தெருவோரக் கடை வேண்டாம். பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள், பதிவும் ரத்தாகும். மத்திய அரசின் கொள்கைப்படி புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கலாம். உங்கள் காருக்கு இருபது, முப்பதாயிரம் என்று எதிர்பாருங்கள். அந்தச் சான்றிதழைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியிலும் 25 சதவீதம் வரை சலுகைக்கு வழி உண்டு, அது மாநில அரசு அறிவிப்பதைப் பொறுத்தது. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் இந்தச் சலுகை உங்களுக்குப் பயன்படாது.

எந்த வழியில் வண்டி கைவிட்டுப் போனாலும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகை மறந்துவிடாதீர்கள். வங்கியில் சொல்லி அதை மூடிவிட்டு, பிறகு கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு யாரோ வாகைக்குளம் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது உங்கள் கணக்கில் பணம் கழியும்.